பைக் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

"வண்டி ரொம்பச் சூடாகிறது" என்று யாராவது வந்து நின்றால் நான் கேட்கும் முதல் கேள்வி "எப்போது?" என்பதுதான். நெரிசலில் ஊரும்போதா, திறந்த சாலையில் விரட்டும்போதா, காலையில் கிளப்பிய ஐந்தாவது நிமிடத்திலேயேவா? இதற்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் பாதி வண்டிகளைப் பிரிக்கவே வேண்டியதில்லை. பதில் தெரியாமல் ஆயிலை மாற்றி, பிளக்கை மாற்றி, கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிச் சுத்தம் செய்தும் சூடு தணியாத வண்டிகள் உண்டு. அவற்றில் ஒன்று என்னுடையது.

உங்கள் வண்டி காட்டும் அறிகுறியின் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனைகள் முன்னால் வருகின்றன, பணமும் கருவியும் கேட்பவை பின்னால் வருகின்றன. வரிசையைத் தாண்ட வேண்டாம்.

வழியிலேயே சூடாகி நிற்கிறீர்கள் என்றால்

ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் உள்ள வண்டியானால், சாவியை மட்டும் போட்டு வைத்தால் சிலவற்றில் ஃபேன் தொடர்ந்து சுழலும். சுழன்றால் இரண்டு மூன்று நிமிடம் விடலாம், அதற்கு மேல் பேட்டரி தாங்காது.

செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, ரேடியேட்டர் மூடியைத் திறப்பது. உள்ளே இருக்கும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பதற்குக் காரணம் அந்த மூடி அடக்கி வைத்திருக்கும் அழுத்தம். திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், கூலன்ட் கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிகிற வரை, குறைந்தது அரை மணி நேரம், பொறுங்கள். இரண்டு, சூட்டைத் தணிக்கிறேன் என்று சிலிண்டர் மேல் தண்ணீர் ஊற்றுவது. சூடான உலோகம் ஒரு பக்கம் மட்டும் சட்டெனச் சுருங்கினால் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) வளையும், ஃபின்களில் (சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடுகளில்) விரிசல் விழும்.

முதலில்: உண்மையிலேயே அதிகச் சூடா?

காற்றால் குளிரும் இன்ஜினில் ஹெட் பகுதி 150 டிகிரி செல்சியஸைத் தொடுவது வழக்கமானதுதான். தண்ணீர் தெளித்தால் துளிகள் துள்ளும், தொட்டால் தோல் உரியும், அணைத்த பிறகு 'டிக், டிக்' என்று சத்தம் வரும். உலோகம் ஆறிச் சுருங்கும் சத்தம் அது. வெயில் நேரத்தில் கால் வெந்துபோகிறது என்பதும் தனியாக ஒரு பழுது ஆகாது. ரேடியேட்டர் வண்டியில் முள் 80க்கும் 105க்கும் இடையே ஏறி இறங்குவது பெரும்பாலும் இயல்பு.

பழுதின் அடையாளங்கள் வேறு: எச்சரிக்கை விளக்கு எரிவது, இழுவை குறைவது, ஆக்சிலேட்டரைத் திருகும்போது தட்டும் சத்தம் வருவது, கருகிய ஆயில் வாடை, சூடானதும் நியூட்ரல் விழ மறுப்பது. இவற்றில் ஒன்றாவது இருந்தால் மேலே படியுங்கள். எதுவுமே இல்லையென்றால் ஆயில் அளவை மட்டும் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டுங்கள்.

ஆயிலை எப்படிப் பார்ப்பது என்பதிலேயே நிறையப் பேர் தவறுகிறார்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். வண்டியை நிமிர்த்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் விட்டு, பிறகு பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கைத் திருகி இறுக்கிப் பார்ப்பதா, சும்மா உள்ளே வைத்து எடுப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதற்கு மட்டுமாவது வண்டியோடு வந்த கையேட்டைத் திறங்கள்.

## அறிகுறி 1: நெரிசலில் சூடு ஏறுகிறது, ஓடத் தொடங்கினால் இறங்குகிறது

ஓடும்போது எதிர்க்காற்று குளிர்விக்கிறது, நின்றால் அது இல்லை. ஆகவே நிற்கும்போது காற்றைக் கொண்டுவர வேண்டியது எதுவோ, அதில்தான் கோளாறு.

### ரேடியேட்டர் வண்டி, ஃபேன் சுழலவே இல்லை

பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் ஏறக்குறைய 100 டிகிரியில்தான் கிளம்பும். அதற்கு முன் சுழலவில்லை என்று பதற வேண்டாம். எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் அசையவில்லையென்றால் இந்த வரிசையில் போங்கள்.

ஃபியூஸ். ஃபேனுக்கென்று தனி ஃபியூஸ் இருக்கும். கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்தாலும் நம்பாமல் புதியதைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஃபேனுக்குப் போகும் இணைப்பான். என் கையில் வந்த ஃபேன் பழுதுகளில் அதிகம் இங்கேதான். முன்சக்கரம் வாரி அடிக்கும் சேற்று நீர் நேராக இங்கே வந்து சேர்கிறது. இணைப்பானைப் பிரித்துப் பாருங்கள்: பித்தளைப் பின்கள் மஞ்சளாக மின்ன வேண்டும். பச்சைப் பொடி பூத்து, ரப்பர் சீல் நைந்து, பின் ஒன்று பாதி அரித்துப்போய் இருந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். பழைய பல்துலக்கும் தூரிகையால் தேய்த்து, மின் இணைப்புகளுக்கான துப்புரவு ஸ்பிரே அடித்து, காய்ந்ததும் மாட்டுங்கள். பின் அரித்திருந்தால் இணைப்பானையே மாற்ற வேண்டும். வயர்களை முறுக்கி டேப் சுற்றிவிடலாம் என்று தோன்றும். அடுத்த மழைக்குள் அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

இன்னும் சுழலவில்லையா? பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்து ஃபேனுக்கு நேரடியாக மின்சாரம் கொடுங்கள். பிளஸ் வயரில் ஒரு ஃபியூஸைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், விரல்களைத் தள்ளி வையுங்கள். அப்போதும் அசையாவிட்டால் மோட்டார் போய்விட்டது. சுழன்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, கோளாறு ரிலேயிலோ (ஃபேனுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) வெப்ப சென்சாரிலோ இருக்கிறது. பல வண்டிகளில் ஹார்ன் அல்லது வேறொன்றுக்கு இதே வகை ரிலே இருக்கும், எண் ஒன்றாக இருந்தால் மாற்றி மாட்டிப் பார்க்கலாம். அதற்கு மேல் சென்சாரும் வயரிங்கும்தான். மல்ட்டிமீட்டர் பழக்கமில்லாதவர்கள் இங்கே நிறுத்தி மெக்கானிக்கிடம் போவது நல்லது.

### ஃபேன் சுழல்கிறது, ஆனாலும் சூடு ஏறுகிறது

ரேடியேட்டரின் முகத்தைப் பாருங்கள். பூச்சி, சேறு, உலர்ந்த இலைத்துணுக்கு எல்லாம் சேர்ந்து அடைத்திருக்கும். மென்மையான தூரிகை, சோப்புத் தண்ணீர், தோட்டக் குழாயின் மெல்லிய நீர்வீச்சு ஆகியவை போதும். அழுத்தமான வாட்டர் வாஷ் கூடவே கூடாது, தகடுகள் படுத்துவிடும். ஏற்கெனவே படுத்தவற்றை ஒரு மெல்லிய தட்டைத் திருப்புளியால் பொறுமையாக நிமிர்த்தலாம்.

பிறகு ஒரு துண்டுக் காகிதத்தை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடியுங்கள். ஃபேன் பின்னால் இருக்கும் வண்டியில் அது காற்றை உள்ளே இழுக்க வேண்டும், காகிதம் ஒட்டிக்கொள்ள வேண்டும். காகிதம் பறந்தால் ஃபேன் தலைகீழாகச் சுழல்கிறது. யாரோ வயரைப் பிளஸ் மைனஸ் மாற்றி இணைத்துவிட்டார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஃபேன் மோட்டார் மாற்றிய வண்டிகளில் இதை நான் முதலில் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

### காற்றால் குளிரும் வண்டி

ஃபின்களுக்கு நடுவே இறுகிய சேற்றைச் சுரண்டி எடுங்கள். சும்மா நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகத்தைப் பாருங்கள். சிறிய ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று போதும். யாராவது 2,000க்கு ஏற்றி வைத்திருந்தால் நின்ற இடத்திலேயே வேகும். இவ்வளவும் சரியாக இருந்தால், நீண்ட சிக்னலில் இன்ஜினை அணைப்பதுதான் மருந்து. காற்றில்லாமல் காற்றால் குளிரும் இன்ஜின் குளிராது, அதற்கு உதிரிபாகம் கிடையாது.

## அறிகுறி 2: காற்று நன்றாக வீசும் சாலையில் ஓடும்போதும் சூடாகிறது

இதற்கு ஃபேனைச் சந்தேகிக்காதீர்கள். இன்ஜின் தேவைக்கு மேல் உழைக்கிறது, அல்லது பெட்ரோல் குறைந்த கலவை எரிகிறது, அல்லது கூலன்ட் சுற்றவில்லை.

### சக்கரம் கையால் சுழல்கிறதா?

இங்கேதான் என் கதை. நூறு சிசி வண்டி ஒன்றில் இழுவை குறைந்து சூடு ஏறியது. ஆயில், பிளக், கார்புரேட்டர் எல்லாம் ஆயின. ஒருநாள் வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு நியூட்ரலில் பின்சக்கரத்தைத் தள்ளினேன். கால் சுற்று சுற்றி நின்றுவிட்டது. சில வாரங்களுக்கு முன் பின்பிரேக் தளர்வாக இருக்கிறது என்று நானே கம்பியின் நட்டை இறுக்கியிருந்தேன். பிரேக் ஷூ டிரம்மை விடவே இல்லை. இத்தனை நாளும் பிரேக்கை மிதித்தபடியே ஓட்டியிருக்கிறேன். நட்டை நாலு திருப்பு தளர்த்தியதும் கதை முடிந்தது.

எனவே முதல் சோதனை இது. இரண்டு சக்கரங்களும் தடையின்றிச் சுழல வேண்டும். ஓட்டி வந்ததும் டிரம்முக்கோ டிஸ்குக்கோ அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். பிரேக் அதிகம் பிடிக்காமல் வந்தும் அனல் அடித்தால் பிரேக் ஒட்டுகிறது. கூடவே டயர் காற்று, செயின் தளர்வு இரண்டையும் பாருங்கள். செயின் நடுவில் மேலும் கீழும் சுமார் 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆட வேண்டும். உங்கள் வண்டிக்கான துல்லிய அளவு செயின் உறையிலோ கையேட்டிலோ இருக்கும்.

### கிளட்ச் வழுக்குகிறதா?

மேல் கியரில் சட்டென ஆக்சிலேட்டரைத் திருகுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது, அந்த உராய்வுச் சூடு முழுதும் ஆயிலில்தான் இறங்குகிறது. கிளட்ச் லீவரில் சிறிது தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கார் ஆயில் ஊற்றியிருந்தாலும் இது நடக்கும். கிளட்ச் ஆயிலில் மூழ்கி ஓடும் பைக்குக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரையுள்ள ஆயில்தான் வேண்டும்.

### ஸ்பார்க் பிளக் என்ன நிறம்?

கழற்றிப் பாருங்கள், ஆறிய பிறகு. பீங்கான் முனை வெளிர்ப் பழுப்பாக இருந்தால் கலவை சரி. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை எரிகிறது, சூட்டுக்கு அதுவே காரணம். கறுத்துக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, சூட்டுக்குக் காரணத்தை வேறெங்காவது தேடுங்கள்.

வெளுப்புக்குக் காரணங்கள்: கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பரில் விரிசல், கிளாம்ப் தளர்வு, ஜெட்டில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சிறு துளை) அடைப்பு. வண்டி சும்மா ஓடும்போது ரப்பரைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர்த் தூவலடியுங்கள். ஓட்டத்தின் சத்தம் மாறினால் அங்கே காற்று உள்ளே போகிறது. பெட்ரோலையோ எரியக்கூடிய ஸ்பிரேயையோ இதற்குப் பயன்படுத்துவோர் உண்டு. சூடான சைலன்சர் பக்கத்தில் அதைச் செய்யாதீர்கள். காற்று அதிகம் விடும் ஏர் ஃபில்டரோ சத்தமிடும் சைலன்சரோ புதிதாகப் போட்டிருந்தால், அதற்கேற்ப ஜெட் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். பெரும்பாலும் மாற்றியிருக்க மாட்டார்கள். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியானால் ரப்பரைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள்.

### ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறதா?

குழாய்த் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றிய வண்டிகளில் உள்ளே உப்புப் படிவு ஏறிவிடும். ஓடி வந்ததும் ரேடியேட்டரின் முகம் முழுக்கக் கையை அருகில் நகர்த்துங்கள். நடுவே குளிர்ந்த திட்டுகள் தெரிந்தால் அங்கே ஓட்டம் இல்லை. சுத்தம் செய்வது பணிமனை வேலை. கூலன்டைப் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

## அறிகுறி 3: கிளப்பிச் சில நிமிடத்திலேயே விளக்கு எரிகிறது

இரவு முழுதும் ஆறிய வண்டியில் காலையில் சாவியை மட்டும் போடுங்கள். இன்ஜினைக் கிளப்பாமலேயே முள் உச்சியில் நின்றால் சென்சாரோ அதன் வயரோதான் பொய் சொல்கிறது, இன்ஜினில் ஒன்றுமில்லை.

அப்படி இல்லையென்றால் கூலன்ட் அளவைப் பாருங்கள். ஓரத்துத் தொட்டியில் அளவு சரியாக இருந்தும் ரேடியேட்டர் காலியாக இருக்கலாம். ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து, கழுத்துவரை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அண்மையில் கூலன்ட் மாற்றினீர்களா? உள்ளே காற்று சிக்கியிருக்கும். வண்டி ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து இன்ஜினைச் சும்மா ஓடவிடுங்கள். ஹோஸைக் கையால் பிசைந்தால் குமிழிகள் 'குபுக்' என்று மேலே வரும். குறையக் குறைய ஊற்றுங்கள். குமிழி நின்றதும், கூலன்ட் சூடாவதற்கு முன், மூடிவிடுங்கள். காற்றை வெளியேற்ற தனி திருகு உள்ள வண்டிகளில் அதைத் தளர்த்தினால் வேலை இன்னும் எளிது.

பிறகு தெர்மோஸ்டாட், அதாவது சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. வண்டி சூடாகும்போது இன்ஜினிலிருந்து தெர்மோஸ்டாட் வரையுள்ள பக்கம் கொதித்து, ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்தே இருந்தால் அது திறக்காமல் சிக்கிவிட்டது. கழற்றி, தெர்மாமீட்டரோடு பாத்திரத் தண்ணீரில் சூடாக்கிப் பார்க்கலாம். திறக்க வேண்டிய வெப்பநிலை அதன் மேலேயே பொறித்திருக்கும், பெரும்பாலும் 70க்கும் 85க்கும் இடையே. திறக்காவிட்டால் புதியது போடுங்கள். அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் குடிக்கும்.

தெர்மோஸ்டாட்டும் நன்றாக இருந்தால் மிச்சம் இருப்பது வாட்டர் பம்ப். அது மெக்கானிக்கின் வேலை.

## அறிகுறி 4: கூலன்ட் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை

சூடாக இருக்கும்போது மட்டும் கசியும் கூலன்ட் இன்ஜின் மேலேயே காய்ந்துவிடும், தரைக்கு வராது. டார்ச் அடித்து ஹோஸ் கிளாம்புகளையும் ரேடியேட்டர் ஓரங்களையும் பாருங்கள். பச்சையோ இளஞ்சிவப்போ, காய்ந்த படலமாகத் தெரியும். வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சிறு துளை உண்டு. அங்கே ஈரமோ கறையோ இருந்தால் பம்ப் சீல் போயிற்று என்று சொல்வதற்கென்றே வைத்த துளை அது. அதை அடைத்துவிட்டால் கூலன்ட் ஆயிலில் கலக்கும்.

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலும் கூலன்ட் ஆவியாகி வெளியேறும். மூடி மலிவான பொருள், சந்தேகமிருந்தால் மாற்றிவிடுங்கள். அதே அழுத்த எண் பொறித்ததைத்தான் வாங்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் கடைசியாக ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு. அடையாளங்கள்: இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெண்புகை, அதில் ஓர் இனிப்பு வாடை, கிளப்பியதும் ரேடியேட்டர் கழுத்தில் விடாமல் குமிழி, ஆயில் பால் கலந்த காப்பி நிறம். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணுரை தெரிந்தால் பயப்பட வேண்டாம், குளிர்ச்சியில் குறுந்தூரம் ஓட்டிய வண்டிகளில் நீராவி அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலே நிறம் மாறியிருந்தால் வண்டியை மீண்டும் கிளப்பாமல் ஏற்றிக்கொண்டு போங்கள். அந்த ஆயிலோடு ஓட்டிப் பேரிங்குகளையும் கெடுத்துக்கொண்டால் பழுதுச் செலவு பல மடங்காகும்.

## அறிகுறி 5: சூடானதும் இழுவை குறைந்து, தட்டும் சத்தம் வருகிறது

ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் திருகும்போது டப்பாவில் ஆணிகளைக் குலுக்குவது போன்ற சத்தம் கேட்டால் பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன்பே வெடிக்கிறது. ஒரு டேங்க் பெட்ரோலை வேறு இடத்தில் போட்டுப் பாருங்கள். தாழ்ந்த வேகத்தில் மேல் கியரில் இழுக்கும் பழக்கம் இருந்தால் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள்.

பிறகு பிளக்கின் எண். சூட்டைக் கடத்தும் திறன் அந்த எண்ணில் இருக்கிறது. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் 'குளிர்ந்த' பிளக், அதாவது சூட்டை வேகமாகக் கடத்துவது. பாஷ், சாம்பியனில் இதற்கு நேரெதிர். நிறுவனத்தை மாற்றும்போது எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்கியவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டும் சரியென்றால் உள்ளே கரி படிவு, இக்னிஷன் நேரம், வால்வு இடைவெளி. மூன்றுக்கும் மெக்கானிக் வேண்டும்.

## அறிகுறி 6: சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் கிளம்புகிறது

நின்ற உடனே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன் பிறகு வண்டி கிளம்பினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காமல் போகிறது. மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் போதும். இன்ஜினுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

மூடியில் குறையில்லையா? சூடாக நின்ற நிலையிலேயே பொறி வருகிறதா என்று பாருங்கள். டேங்க் மூடியை அடைத்து, கையுறை போட்டு, வேறொரு பிளக்கைப் பிளக் வயரின் முனையிலுள்ள தொப்பியில் செருகி, இன்ஜின் உலோகத்தில் தொடவைத்துக் கிளப்புங்கள். பொறி இல்லாமலிருந்து, ஆறியதும் வந்தால் இக்னிஷன் காயில் அல்லது பிக்கப் காயில். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் நன்றாகவே காட்டும். மெக்கானிக் கடையில் ஒரு குறையும் தெரியாமல் திரும்பி வரும் வண்டிகள் பெரும்பாலும் இவைதான்.

பொறி இருந்தும் கிளம்பவில்லை, கிக் அடித்தால் காலில் வழக்கமான எதிர்ப்பு இல்லை என்றால் வால்வு இடைவெளி குறுகி, சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் நிற்கிறது. அளவைக் குளிர்ந்த இன்ஜினில்தான் எடுக்க வேண்டும். டேப்பெட் சத்தம் பிடிக்காமல் அளவுக்கு மீறி இறுக்கச் சொன்னவர்களின் வண்டியில் இதைப் பார்க்கலாம். லேசான 'டக் டக்' இருந்தால் இருக்கட்டும்.

## அறிகுறி 7: சைலன்சர் பைப் செந்நிறமாக ஒளிர்கிறது

பைப் நீலம் பாய்வது வெறும் நிற மாற்றம். இரவில் சிவந்து ஒளிர்ந்தால் விஷயம் வேறு. நின்ற இடத்தில் நெடுநேரம் முறுக்கினால் அது வரத்தான் செய்யும். ஓட்டும்போதும் வந்தால் அறிகுறி 2இல் சொன்ன வெளுத்த பிளக் சோதனையைச் செய்யுங்கள். பிளக் நன்றாக இருந்தால் இக்னிஷன் நேரம் பின்தங்கியிருக்கிறது, மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

## அறிகுறி 8: ஓடும்போதே இன்ஜின் இறுகியது

வேகம் தானாகக் குறைந்து, யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் தோன்றும். அந்த நொடியே கிளட்சைப் பிடியுங்கள். பிடிக்காவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சாய்த்துவிடும். ஓரத்துக்கு உருட்டி நிறுத்துங்கள்.

அரை மணி நேரத்தில் ஆறி, கிக் தடையின்றி இறங்கும். பலர் அதை நம்பி வீடுவரை ஓட்டிவிடுகிறார்கள். பிஸ்டன் உருகிச் சிலிண்டர் சுவரில் அப்பிய அலுமினியம் அங்கேயே இருக்கிறது. அடுத்த முறை இறுகும்போது எச்சரிக்கை கிடைக்காது. ஆயில் அளவை மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், உடனே ஊற்றி நிரப்ப வேண்டாம்; ஆயில் இல்லாமல் இறுகியதா, ஆயில் இருந்தும் பம்ப் ஏற்றாமல் இறுகியதா என்று சிலிண்டரைத் திறக்கிறவர் கேட்பார். வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள்.